மாலைக்கண்

மூலனூர்க் கால்நடை மருந்தகம்.
நுண்ணோக்கிக்கு வலது கண்ணைக் கொடுத்துவிட்டு
ராக்கியண்ணனிடம் சொல்ல
நோகாத ஒரு வாக்கியம் தேடினேன்.
அகப்படவில்லை.

கண்ணாடிச் சில்லில் ஒரு துளி.
அலையடிக்க வேண்டிய இடத்தில்
அங்கொன்று இங்கொன்று.
வால் சுருண்டவை, தலை கழன்றவை.
ஒன்று மட்டும் உயிரோடு,
செக்கு மாடு மாதிரி
தன்னையே சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங் டாக்டரம்மிணி, சொல்லிப்போடுங்க.
பதினோரு மாடு சேர்த்தியாச்சு.
ஒண்ணும் சினை நிக்கிலீங்க.
பணத்தத் திருப்பிக் கேக்கறாங்க."

வெளியே வேம்படியில் மயிலைக் காளை.
திமில் குறையவில்லை, கொம்பும் கூர்தான்.
போன தையில்
பருவ மாட்டின் வாசம் பட்டாலே
முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதாம்.
இப்போது பக்கத்தில் கட்டினாலும்
தட்டை முகர்ந்துகொண்டு நிற்கிறதாம்.

கண்ணுபட்டுப் போச்சு என்றார்களாம் டீக்கடையில்.
கண்ணபுரத்துக்கு ஓட்டிப்போடு,
பல்லைப் பாக்கறவன் வேறெதப் பாக்கறான்
என்றும் சொன்னார்களாம்.

நான் வேறொன்று கேட்டேன்.
பொழுது எறங்குனா எப்பிடி நடக்குது?

நெடுநேரம் யோசித்தார்.
"கல்தொட்டீல இடிச்சுக்குதுங்.
முந்தாநாள் கிளுவை வேலியோரம் நின்னுட்டே இருந்துச்சு.
எம் சத்தத்தக் கேட்டுத்தான் திரும்புச்சுங்."

மழை தவறி மூன்றாம் வருடம்.
கொரங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்
வேர்வரை கருகிக் கிடக்கிறது.
போரிலிருந்து உருவும் பழைய சோளத்தட்டு
வெயிலில் வெளுத்தது;
வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான்.
பச்சைக்குள் ஒளிந்திருக்கும் அந்த மஞ்சளை
மாடு ஈரலில் சேர்த்துவைக்கும்,
சீட்டுப் பணம் மாதிரி.
எடுத்து எடுத்து ஒருநாள்
கணக்கில் எதுவும் இராது.

வைட்டமின் ஏ தீர்ந்தால் அந்தி முதலில் அணையும்.
அதே இருட்டு கீழேயும் இறங்கும்.
விதைக்குள் அணுக்கள் முதிராமல் உதிரும்,
ஆண்மையைக் காய்ச்சி ரத்தத்தில் ஊற்றும் அடுப்பு
தணிந்து தணிந்து எரியும்.
சீட்டில் டெஸ்டோஸ்டிரோன் என்று எழுதினேன்.
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"இது எந்த ஊருங்க?" என்றார்.

ஊசி போட்டேன்.
பச்சை வேணும், தினமும், என்றேன்.
"பச்சைக்கு எங்கீங்க போறது?"

அவர் சட்டையில் ஒட்டியிருந்தது
சின்ன வட்ட இலையொன்று.

உங்க முருங்கைத் தழையெல்லாம்?

"அது பவுடர் கம்பெனிக்குங்.
வாரம் ரெண்டு லோடு.
வெளிநாட்டுல பாலுல கலக்கிக் குடிக்கறாங்களாமா,
கண்ணுக்கு..."

அங்கே நிறுத்திவிட்டார்.
விசிறி சுற்றும் சத்தம்.
வெளியே காளை ஒருமுறை தும்மியது.

அறுபது நாளுக்கு மேல் ஆகும் என்றேன்,
ஒரு புது அணு முழுசாய் விளைய.
சில சமயம் விளையாமலும் போகும்.
அதையும் சொன்னேன்.

இருபத்திரண்டாம் நாள் ராத்திரி,
ஒன்பது மணிக்கு மேல் போன்.
அவர் மூச்சுதான் முதலில் கேட்டது.

"அம்மிணி, கட்டுத்தரைல லைட்ட அமத்திப்போட்டு
சத்தமில்லாம நடந்து பாத்தனுங்.
நா போற பக்கமெல்லாம்
தலையத் திருப்புதுங்."

மத்தது எப்பிடிங்க?

"மத்தது கெடக்குதுங்," என்றார்.
"கொஞ்சம் இருங்க, மறுக்காப் போயிப் பாத்துட்டு வாறன்."

போனை வைக்காமல் போய்விட்டார்.
இருட்டில் தழை மெல்லும் சத்தத்தை
நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.