நிக்கலில் ஒட்டியது

குளிரறைக் கதவை முதுகால் தள்ளித் திறக்கிறேன்.
இரண்டு கையிலும் பனிக்கட்டி வாளி.
விடியற்காலை இரண்டு நாற்பது, நாலு டிகிரி;
பினாங்கில் நான் ஸ்வெட்டர் போடும் ஒரே இடம்.

வெளியே சுங்கை டுவாவில் மழை கொட்டுகிறதாம்,
மோட்டாரின் பாதிச் சக்கரம் தண்ணீரில் என்று
ஹஃபிஸா படம் அனுப்பியிருக்கிறாள்.
உள்ளே ஒரு சொட்டுக்கு ஒன்பது விநாடி.

விரல் தடிமனில் நீலத் தூண், அதற்குள் நிக்கல்.
நிக்கலைப் பற்றிக்கொள்ள
என் புரதத்தின் வால்நுனியில்
ஹிஸ்டிடின் ஆறு, வரிசையாக.
தைப்பூச லீவில் எல்லாரும் தண்ணிமலை ஏறியபோது
நான் உட்கார்ந்து எழுதிச் சேர்த்தது.
ஈகோலிக்குள் அனுப்பினேன்,
இதை எனக்குச் செய்து கொடு என்று.
அது பெருகியது, குடுவை கலங்கியது,
ஊறிய சாக்குபோல் நாறியது.
உடைத்தேன். சுழற்றினேன். ஊற்றினேன்.
எட்டு மாதம்.

பட்டர்வொர்த்திலிருந்து அம்மா கேட்பார்:
"என்னம்மா பண்றே?"
"வடிகட்டுறேன்மா."
"இன்னுமா?"

ஜெல்லில் ஒரு கோடு விழுந்த நாளில்
கூடம் முழுவதற்கும் ரோட்டி சானாய் என் செலவு.
இருபத்தெட்டில் நிற்க வேண்டியது
இருபத்தைந்துக்குப் பக்கத்தில் நின்றது.
சிலது கொஞ்சம் இறங்கி ஓடும் என்றேன்.
என்றேனா? வேண்டிக்கொண்டேன்.

நேற்று கோலாலம்பூரிலிருந்து முடிவு வந்தது.
எடை பார்த்து ஆள் சொல்லும் எந்திரம்
ஒரே வரியில் சொல்லிவிட்டது:
உன்னுடையதல்ல. ஈகோலியின் சொந்தப் பிள்ளை.
அதற்கும் வாலில் ஹிஸ்டிடின் ஏராளம்,
அழைக்காமல் வந்து நிக்கலில் ஒட்டிக்கொண்டது.
எட்டு மாதமாய் நான் ஆட்டியது
பக்கத்து வீட்டுத் தொட்டிலை.

டாக்டர் கூ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நடக்கிறதுதான்லா, விமலா."
விமலேஸ்வரியைச் சுருக்க அவருக்கு ஆறு செமஸ்டர்.
உதவித்தொகை அதற்கு முன்பே சுருங்கிவிட்டது.

அழவில்லை.
அழுதேன், ஆட்டோகிளேவ் அறையில்;
அந்த ஆவியில் எல்லார் முகமும் நனைந்துதான் இருக்கும்.

அப்புறம் அந்த ஒட்டுண்ணியைத் தேடிப் படித்தேன்,
ஆள் தெரிந்து திட்டலாமே என்று.
அதற்கு ஒரு வேலை உண்டாம்:
மற்ற புரதங்கள் ஒழுங்காக மடியத்
துணை நிற்பது.

மடிதல்.
நாளிதழில் மடிந்தார் என்றால் இறந்தார்.
எங்கள் கூடத்தில் மடியாததுதான் பிணம்.
அவிழ்ந்த நூலாய், ஒன்றோடொன்று சிக்கி,
குழாயின் அடியில் வெள்ளையாய்க் கிடக்கும்.
மடிந்தால்தான் அதற்கு ஒரு வாய், ஒரு வயிறு,
இன்னொன்றை ஏந்த ஒரு குழி.

அப்போதுதான் உறைத்தது.
என்னுடையது மடியத் தெரியாமல்
அடியில் கிடந்திருக்கிறது இத்தனை நாளும்.
நான் மேல்நீரை எடுத்துக்கொண்டு
வண்டலைக் கொட்டியிருக்கிறேன்,
வாரத்துக்கு இரண்டு முறை, கையுறை போட்டு, கவனமாக.

பழைய குழாய்களை எறிய மாலையில் வந்தேன்.
பதினேழு. மூடிதோறும் ஹஃபிஸா
ஏற்கெனவே மார்க்கரில் எழுதியிருந்தாள்: தெத்தாமு.
மலாயில், விருந்தாளி.
எறியவில்லை. மைனஸ் எண்பதில்
அவளுடைய டெங்கிப் பெட்டிக்குப் பின்னால்
கொஞ்சம் இடமிருந்தது.
அந்த இடத்தைத் துழாவும்போது கிடைத்தது
போன மாதம் கொட்ட மறந்த வண்டல், ஒரே ஒரு குழாய்.

அதைத்தான் இன்று யூரியாவில் கரைத்து
தூணில் ஏற்றியிருக்கிறேன்.
யூரியாவை மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும்,
அவசரப்பட்டால் மறுபடியும் சிக்கிக்கொள்ளும்.
பதினான்காம் தேதிக்குள் கட்டணம் கட்ட வேண்டும்.
சுட்டுவிரல் மரத்துவிட்டது.

ஏழு. எட்டு.
கீழே குழாயைச் சற்று நகர்த்தி வைக்கிறேன்.