மேல் பாதி

ஸ்டிரிப் டப்பா காலி. மார்த்தாண்டத்திலிருந்து
மதிய பஸ்ஸில்தான் புதுசு வரும்.
அதனால் தாசையனுக்குப் பழைய முறை:
சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, அமிலம்.

குலசேகரத்தில் மழை விடவில்லை.
மழையென்றால் ரப்பர் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத நாளில்தான்
இப்படி ஓராள் லேபுக்கு வருகிறார்.
பெஞ்சில் குனிந்து
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுக்கிறார்.
குழி அப்படியே நிற்கிறது.
சக்கை பழுத்ததா என்று பார்ப்பதுபோல
இன்னோரிடத்தில் அழுத்துகிறார்.

"நொரை பிள்ளே," என்றார் வந்ததும்.
"மூணு மணிக்கு ஹெட்லைட்டு வெளிச்சத்தில
மரத்து மூட்டில ஒண்ணுக்கு இருந்தா நொரைக்குது.
நாலு மரம் வெட்டிட்டுத் திரும்பிப் பாத்தாலும்
நிக்குது,
சோப்புப் பொடி கலக்கினது கணக்கா."
எத்தனை நாளாய்?
"ஓணத்துக்கு முன்னே."
சர்க்கரை ஒன்பது வருசம். மாத்திரை,
ஞாபகம் வந்தால்.

குழாயைச் சாய்த்துப் பிடித்து
மேல் பாதியை மட்டும் சூடாக்கினேன்.
கீழ் பாதி தெளிவாகவே இருக்க வேண்டும்,
ஒப்பிட்டுப் பார்க்க.
கொதித்தது. மேலே ஒரு கலங்கல்.
"என்ன அது?"
பொறுங்க என்றேன்.
வெறும் உப்பென்றால் அமிலம் பட்டதும் கரைந்துவிடும்.
எத்தனையோ பேருக்குக் கரைந்திருக்கிறது,
அவர்கள் முகம் ஒன்றும் நினைவில்லை.

ஒரு சொட்டு.
இன்னொரு சொட்டு.
கரையவில்லை. திரிந்து, வெள்ளையாய்த் திரண்டு,
மெல்ல இறங்கத் தொடங்கியது.

தாசையன் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்.
முப்பது வருசமாய் டிஷ்ஷில் பால் ஊற்றி
ஆசிட் விட்டு உறைய வைக்கிறவர்.
"ஒறைஞ்சு போச்சு," என்றார்.
"அப்போ இது பாலாக்கும். எனக்க பாலு."

புரதம் என்றேன். ரத்தத்தில் நிற்க வேண்டியது.
நீங்க பால் ஊற்றும் அரிப்பு மாதிரி
கிட்னியிலும் உண்டு, அதில் கண் பெரிசாகிவிட்டது.
"அரிப்பு கிழிஞ்சா மாத்தலாம்லா?"
மாற்ற முடியாது. இனியும் கிழியாமல் பார்க்கலாம்.
சர்க்கரை, பிரஷர், கருவாட்டு உப்பு,
முதுகு வலிக்கு மெடிக்கலில் வாங்கும் மாத்திரை...
"அதையுமா?"
நாளைக்கே டாக்டரைப் பாருங்க என்று
சீட்டில் மூன்று கூட்டல் குறி போட்டேன்.
"மூணு குரிசு! கல்வாரி மலையாக்கும்,"
என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன்.

வாசல் வரை போய்த் திரும்பினார்.
"ஆழமா வெட்டினா மரத்துக்குப் பட்டை காயும்.
ஒரு வருசம் சும்மா விடுவோம்.
எனக்கு ஆரு விடுவா?"

அவர் போனபின் குழாயைக் கழுவினேன்.
அடியில் ஒட்டியதை
பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

மூன்றாம் வாரம், நல்ல வெயில்,
ஆனாலும் வந்தார். கால் கொஞ்சம் வற்றியிருந்தது.
பையில் இரண்டு குப்பி.
ஒன்றின் மூடியில் நீல மையில் றோஸ்லெட்.
"அவளுக்கும் நொரைக்கான்னு கேட்டேன்,
சிரிச்சிட்டே குப்பியத் தந்தா. ஒண்ணும் சொல்லல்ல.
மொதல்ல அவளுக்கதப் பாரு பிள்ளே."

டப்பா நிறைய ஸ்டிரிப் இருந்தது.
அவர் ஸ்பிரிட் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.
தீப்பெட்டியை எடுத்தேன்.