காலிப் பெட்டி

மர்பி டவுனில் ஏற்றும்போதே மகபூப் சொன்னான்,
"ராகிஹள்ளி தாண்டினா தார் கிடையாது அண்ணா,
போன தடவை பம்பர் அங்கதான் போச்சு."
போனது பம்பர் மட்டுமில்லை,
வாடகை பாக்கி இரண்டாயிரமும்.
அதை அவன் சொல்லவில்லை.

பன்னர்கட்டா சாலையில் முக்கால் மணி நேரம்
மெட்ரோத் தூண்களுக்குக் கீழே நின்றோம்.
ஆம்புலன்ஸ் என்றால் ஒதுங்குவார்கள்.
செத்தவரைக் குளிரில் வைக்கிற பெட்டிக்கு
என்ன அவசரம் என்று ஊருக்குத் தெரியாது.
ஏப்ரல் மாதம். எனக்குத் தெரியும்.

செக்போஸ்ட் ஆறு மணிக்கு மூடும்.
ஐந்து ஐம்பத்திரண்டு.
காவலர் கண்ணாடி மூடியில் முகத்தை ஒட்டிப் பார்த்து
"ஒளகே யாரு?" என்றார்.
"இன்னும் யாருமில்லை சார்."
ஆள் இரண்டு, சாமான் ஒன்று
என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு மண்.
போன மழையில் லாரி அழுத்திய தடம்
கல்லாய் இறுகிக் கிடந்தது.
லாரியின் அகலம் எங்கள் வண்டிக்கு இல்லை,
அதனால் ஒரு சக்கரம் பள்ளத்தில்
ஒன்று நடுமேட்டில்
முதல் கியரில் நொண்டிக்கொண்டே போனோம்.
மூங்கில் இருபுறமும் உரசியது.
கதவில் எழுதிய செல்போன் நம்பரின்
கடைசி எண் அன்றைக்குத்தான் அழிந்தது.

இரண்டு குன்றுக்கு நடுவே ஒரு கழுத்து.
கணவாய் என்றால் வரைபடம் சிரிக்கும்.
ஏறும்போது பெட்டி பின்னால் சரிந்து
கதவை இடித்தது,
உள்ளிருந்து யாரோ தட்டுகிற மாதிரி.
மகபூப் திரும்பிப் பார்க்காமல்
கையை மட்டும் பின்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டான்.
ஏற்றம் முழுக்க அப்படியே.

உச்சியில் யானை.
நான்கு. ஐந்தாவது தாயின் கால்களுக்கிடையில்.
எஞ்சினை நிறுத்தி விளக்கை அணைத்தேன்.
சைலன்சர் டிக் டிக்கென்று ஆறியது.
இருட்டிக்கொண்டு வந்தது.
பக்கக் கண்ணாடியில் பார்த்தால்
பெங்களூரு, வானத்தின் அடிவயிற்றில்
ஒரு ஆரஞ்சுக் கறை.
அதற்குக் கீழே ஒரு கோடிப் பேர்
ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள்.
இங்கே இருபது நிமிடம்
ஒரு குடும்பம் சாலையைக் கடந்தது.
பெரியது துதிக்கையை எங்கள் பக்கம் தூக்கி மோந்தது.
ஃபினாயிலோ, ஊதுவத்தியோ, நேற்றைய சாமந்தியோ,
எது எட்டியதோ,
குட்டியை மறுபக்கம் மாற்றிக்கொண்டது.

சுள்ளிதொட்டியில் பத்து வீடு.
ப்ளக்கைச் செருகினோம். வோல்டேஜ் நூற்று இருபது.
கம்ப்ரஸர் ஒருமுறை முனகிப் படுத்துவிட்டது.
மகள் நாக்பூரிலிருந்து காலையில்தான் வருகிறாளாம்.
யாரும் பதறவில்லை.
வேப்பிலை மூட்டை மூட்டையாய் அடுக்கியிருந்தது,
வாடிய விதத்தைப் பார்த்தால்
நாங்கள் கிளம்புவதற்கு முன்பே ஒடித்தது.
"அப்புறம் எங்களை ஏன் கூப்பிட்டீங்க?"
மகபூபின் காலை மிதித்தேன், அதற்குள் கேட்டுவிட்டான்.
செத்தவரின் தங்கை நீலவ்வா
இலையை உதறிக்கொண்டே சொன்னாள்:
"கூப்பிட்டா யாராவது வர்றாங்களான்னு பார்க்கத்தான்."

முழு வாடகையும் கொடுத்தார்கள்,
சுருட்டிய நோட்டுகள், மஞ்சள் ஒட்டியிருந்தது.
வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
டீசல் என்ன விலை.
கேட் காலையில்தான் திறக்கும் என்பதால்
வண்டியிலேயே படுத்தோம்.
இடம் போதாமல் மகபூப் தூக்கத்தில்
பெட்டியின் மேல் கையைப் போட்டிருந்தான்.

காலையில் வேறு காவலர்.
உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
கதவுப்பக்கம் வந்து நின்று
புறங்கையால் தூசியைத் துடைத்தார்.
நம்பரில் கடைசி எண் என்ன என்றார்.
ஏழு என்றேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.