நத்தைக்குப் பல் உண்டா

இரவு ஒன்று பத்துக்குக் கரண்டு வந்தது.
கீழ்வீட்டு மோட்டார் கனைத்துக்கொண்டு எழுந்தது.
தெரு முழுக்கச் சோற்றுச் சட்டிகள்
ஒரே நேரத்தில் சிவப்புக் கண் திறந்தன.
போனைச் செருகிவிட்டு
தரையில் படுத்தேன்.
வயர் கட்டில்வரை எட்டாது.

முதலில் அந்த ஆப்பை இறக்க வேண்டும்.
தினமும் இரவில் இறக்குவேன்,
விடியலில் அழிப்பேன்,
கடனுக்கு வாங்கிய புடவையைக்
கதவைச் சாத்திக்கொண்டு கட்டிப்பார்த்து
மடித்து வைப்பதுபோல.
அது திறந்துகொண்டால்
மோல்மீனில் படுத்திருக்கிற நான்
நெதர்லாந்தில் இருப்பதாக
எங்கோ ஓர் இயந்திரம் நம்பிவிடும்.

நெதர்லாந்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.
அவ்வளவு தூரம் போய் நான் பார்ப்பது
துருப்பிடித்த இஸ்திரிப்பெட்டியை
ஒருவன் வாயே திறக்காமல் தேய்ப்பதை.
இருபத்து மூன்று நிமிடம்.
அப்புறம் ஏதோ பனிநாட்டில்
யாரோ வீட்டு ஜன்னலில் வைத்த காமிரா.
தானியத் தட்டு மட்டும் தெரியும்.
குருவி வருமா என்று அரைமணி நேரம் காத்திருந்தேன்.
எங்கள் கொய்யாவில் தினமும் கத்துகிற மைனாவை
ஒருநாளும் நிமிர்ந்து பார்த்தவள் இல்லை.

ரப்பர் ஷீட்டு ஏன் அப்படி நாறுகிறது
என்று தேடப் போனேன். குடோனில் பதினோரு வருஷமாகக்
கணக்கு எழுதுகிறேன், தெரிய வேண்டாமா?
அது பாலில் கொண்டுபோய் விட்டது,
பால் மரப்பட்டையில்,
மரப்பட்டை அதில் ஊர்கிற நத்தையில்.
அங்கே போய் நின்றுவிட்டேன்.

பார்த்ததை எல்லாம் குறித்து வைப்பேன், தமிழில்.
கோயில் ஞாயிறு வகுப்பில் கற்ற தமிழ்.
ல, ள, ழ மூன்றும்
ஒன்றின் செருப்பை ஒன்று மாட்டிக்கொண்டு திரியும்.
"யாருக்கு எழுதறே?" என்றார் வீட்டுக்காரர்.
மளிகைக் கணக்கு என்றேன்.
யாருக்கும் இல்லை என்று சொன்னால்
சந்தேகம் வரும்.
யாருக்கும் இல்லை என்பதில்தான்
எனக்குக் கால் நீட்ட இடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அசந்து தூங்கிவிட்டேன்.
பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றபோதுதான்
ஞாபகம் வந்தது, அழிக்கவில்லை.
போன்களை நீட்டச் சொன்னார்கள்.
அட்டையில் இருந்த பெயரைப் படித்தான்:
டோ சான் எய்.
தெய்வானை என்ற பெயர்
அவனுக்குத் தேவைப்படவில்லை.
மீசை இன்னும் முடிவெடுக்காத முகம்.
விரலால் தள்ளினான், படங்கள், இஸ்திரிப்பெட்டி,
குறிப்புகள்.
ஆப் இருந்தது அடுத்த பக்கத்தில்.

"அமா, இது என்ன எழுத்து?"
"தமிழ்."
"என்ன எழுதியிருக்கு?"
வெங்காய விலை என்று சொல்லியிருக்கலாம்.
வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.
"நத்தைக்குப் பல் உண்டா."
பஸ்ஸில் யாரோ மூச்சை விட்டார்கள்.
அவன் திரையைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்.
"உண்டா?"
"ஆயிரக்கணக்கில்."
"பொய்."
"சத்தியமா."
பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.
அடுத்த பக்கத்துக்குத் தள்ளாமலே
போனை என் மடியில் போட்டான்.

பாலம் முடியும்வரை கை நடுங்கியது.
மொத்தமா வந்தது. (தமிழில் சொன்னால்
சிரிப்பு வருகிற ஊர்ப்பெயர்,
அன்றைக்கு வரவில்லை.)
பைக்குள் கையை விட்டு அழித்தேன்.
குறிப்பை அழிக்கவில்லை.

இன்றைக்கும் ஒன்று பத்து.
அவன் முகாமில் எப்போது கரண்டு வரும்?
போர்வைக்குள் போனை ஒளித்து
அவனும் தேடியிருப்பானோ,
எந்த நாட்டில் இருப்பதாக நடித்துக்கொண்டு?
அதட்டல் வராமல் இருந்திருந்தால்
மிச்சத்தையும் சொல்லியிருப்பேன்.
குறிப்பில் அடுத்த வரி அதுதான்:
பல்லெல்லாம் இருப்பது
அதன் நாக்கில்.
ழ-வுக்குப் பதில் ல போட்டிருந்தால்கூட
திருத்த ஒருவரும் இல்லை.
குருவி வந்ததா பார்க்கிறேன்.