உலு லிந்தா

பட்டணத்துப் பையன்கள்
நாகரிகம் எட்டாத எதையும் உலு என்பார்கள்.
மலாயில் உலு என்றால் ஆற்றின் தலைமாடு.
எங்கள் ஊருக்கு இரண்டும் பொருந்தும்.
லிந்தா என்றால் அட்டை. அதற்கு
விளக்கம் தேவையில்லை,
கணுக்காலுக்கு வந்துவிடும்.

ஒரே தெரு, பதினோரு கடை.
மூடிப்போன வங்கியின் மாடியில்
ஒலிபெருக்கி நாள் முழுக்கக் கீச்சிட்டு
உழவாரக் குருவிகளைக் கூடு கட்டக் கூப்பிடுகிறது.
செம்பனை லாரிகள் நிற்காமல் போகும்.
நிற்க இங்கே என்ன இருக்கிறது என்று
மாவட்ட அலுவலகமும் யோசித்துப் பார்த்து
ஒரு பலகை வைக்கச் சொன்னது:
லிந்தா ஆறு இங்கே பிறக்கிறது.
வெல்டிங் எனக்கு. எண்ணூறு வெள்ளி.

இடம் குறிக்க வந்த ரோஸ்லியின் கருவி
எங்களைப் பழைய ஒன்பதாம் நம்பர் காட்டுக்குள் இழுத்துப்போனது.
நேப்பாளத் தொழிலாளர் கொங்சிக்குப் பின்னால்
பாறை இடுக்கில்
சோற்றுத் தட்டளவு ஈரம்.
தில் பகதூர் அதை மைலோ டின்னில் மொண்டு
பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
ரோஸ்லி தண்ணீரைப் பார்த்துக் கைநீட்டி
இதுதான் என்றார்.
தன்மேல்தான் யாரோ புகார் கொடுத்ததாக நினைத்து
வாய் நுரையோடு அவர் விலகி நின்றார்.
ஏழு தசமம் வரை எழுதிக்கொண்டார் ரோஸ்லி.
ஈரம் அவர் பூட்ஸைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே.

நதிமூலம் பார்க்காதே என்று சொன்னவன்
பார்த்திருப்பான் போல,
என்றார் காப்பிக்கடை பூபாலன்.

பஸ் திரும்ப இடமில்லையென்று
அலுவலகம் ஆற்றைக் கீழே இறக்கியது.
இப்போது அது பெட்ரோல் நிலையத்தின் பக்கம்,
கழிப்பறைக்கு எதிரே,
அரைக் குதிரைசக்தி மோட்டாரில் பிறக்கிறது.
சிமெண்ட் பாறை. நானே அடித்த பச்சைப் பாசி.
காவலாளி தங்கையா சுவிட்சைத் தட்டினால்
ஆறு மணிக்கு ஆறு நிற்கும்.
எனக்கு இன்னும் முந்நூறு வெள்ளி பாக்கி.
கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறதாம்.

டிசம்பர் வெள்ளம் வடிந்த மூன்றாம் வாரம்
முகத்துவாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள்,
பழைய கஞ்சில் காரில், தனியாக.
பெயர் புஷ்பராணி.
பலகையைப் படம் எடுக்கவில்லை.
மோட்டார் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.
துருப்பிடித்த திருகை மாற்றிக்கொண்டிருந்த என்னிடம்
"இது இல்லையே" என்றாள்.
"என் வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போனது
இது இல்லை."

லாரியில் ஏற்றிக் கூட்டிப்போனேன்.
கொங்சிக்குப் பின்னால், தட்டளவு ஈரத்தின் முன்
கைப்பையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
"கீழ் டிராயரில்தான் எல்லாம் இருந்தது,
மகளின் பிறப்புப் பத்திரம், கரண்ட் பில், எல்லாம்"
என்று யாருக்கோ கணக்குச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே
செருப்போடு ஒரு காலை அதன்மேல் வைத்தாள்.
நீர் தயங்கியது. பிறகு
குதிகாலைச் சுற்றி
வேறு வழி பார்த்துக்கொண்டது.
மற்றக் காலையும் வைத்தாள்.

கொங்சியில் யாரோ பருப்புத் தாளித்து
அந்த வாசனை அடங்கும்வரை நின்றாள்.
அறுபது கட்டை தள்ளி
அவள் வாசல்பக்கம் ஒரு சொட்டும் குறைந்திருக்காது.

தில் பகதூர் கை நிறைய உப்போடு வந்து
அவள் கணுக்காலைக் காட்டினார்.
மூன்று அட்டை.
"இருங்கள்" என்றாள்,
"இன்னும் ஒரு நிமிஷம்
அடைத்துப் பார்க்கிறேன்."