கட்டுப்பாட்டுக் குழு

கூண்டைத் தொட்ட நொடியிலிருந்து
மூன்று நிமிடம்.
அதற்குள் எடுத்துவிட்டால்
உன்னை இன்னும் அறியாத ரத்தம் அது.
நான்காம் நிமிடத்தில்
உன் கை, உன் வாசனை, உன் அவசரம்
எல்லாம் அதில் கரைந்திருக்கும்.

இருபத்திரண்டு வருடமாக கேஸ்கே ஹூக்ஸ்ட்ரா
இந்த மூன்று நிமிடத்துக்குத்தான் சம்பளம் வாங்குகிறாள்,
க்ரோனிங்கன் நகரில், மருத்துவக் கட்டடத்தின் நிலவறையில்,
மணமில்லாத சோப்பால் முழங்கைவரை கழுவிக்கொண்டு.

மூளையின் உள்மடிப்பில் ஒரு கடல்குதிரை.
அதன் சுருளில் இரண்டு வித ஏற்பிகள்,
ஒரே ஹார்மோனுக்குக் காத்திருப்பவை.
முதலாவதுக்கு அகோரப் பசி.
தூங்கும் எலியின் ரத்தத்தில் ஊறும்
சொற்பத்தையும் வழித்து விழுங்கி
எப்போதும் வயிறு நிறைந்திருக்கும்.
இரண்டாவது அசமந்தம்.
துளிகளுக்கு எழாது.
கரை உடைந்தால்தான் கதவைத் திறக்கும்.
திறந்ததும், போதும் நிறுத்து என்று கத்தும்.
எத்தனை முறை கத்தினால் அதற்குத் தொண்டை கட்டும்
என்பதுதான் யெல்டேவின் ஆய்வு.

ஏற்பிகளை எண்ண வேண்டுமானால்
முதலில் அவற்றைக் காலியாக்க வேண்டும்.
சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் சுரப்பிகளை எடுத்துவிட்டு
எலிக்கு உப்புத் தண்ணீர் வைப்பார்கள்.
கேஸ்கே புட்டியில் ஊற்றும்முன்
நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள்.
விதிப்படி தவறு.
கண்ணீர் அளவுக்கு உப்பு.

இது வேறு சோதனை. பதினாறு எலிகள், சுரப்பியோடு.
எட்டைக் குழாய்க்குள் அடைப்பான் யெல்டே,
எட்டைச் சும்மா விடுவான்.
சும்மா இருப்பதுதான் அவற்றின் வேலை.
சும்மா இருப்பது சுலபம் என்று நினைக்கும் வயது அவனுக்கு.

பிப்ரவரி, செவ்வாய், காலை ஆறு ஐம்பது.
தன் ஊரில் காரின் கதவில் கேஸ்கே கை வைத்தபோது
நிலம் ஒருமுறை தோள் குலுக்கியது.
சமையலறையில் தட்டுகள் பேசின.
மூன்று கிலோமீட்டர் ஆழத்தில்
வருடக்கணக்காக வாயு உறிஞ்சப்பட்ட பாறை
தன் வெறுமைக்குள் ஒரு படி இறங்கிற்று.
அவள் திரும்பிப் போய்
சுவர் விரிசலின் நுனியில் பென்சிலால் ஒரு கோடு, ஒரு தேதி.
பதினேழாவது கோடு.
பிறகு கார். பிறகு சோப்பு.
ஏழரைக்கு முதல் எலி.
நகரத்தில் யாரும் எதுவும் உணரவில்லை.
யெல்டே அப்போது சைக்கிளில் வந்துகொண்டிருந்தானாம்.

ஒரு வாரம் கழித்து எண்கள் வந்தன.
சும்மா இருந்த எட்டும்
குழாயில் கிடந்த எட்டைப் போலவே கொதித்திருந்தன.
அவன் சோதனைப் பெட்டியைச் சந்தேகித்தான்.
பிப்பெட்டை. உறைபெட்டியை.
கடைசியில், ஜன்னலே இல்லாத அறையில் ஜன்னலைத் தேடியபடி,
"உங்களுக்கு மூன்று நிமிடம் தாண்டியிருக்குமோ?"

மறுநாள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள்:
சுவர், விரிசல், கோடு, தேதி.
நெடுநேரம் பார்த்தான்.
"ஆனால் இங்கே யாருமே உணரவில்லையே."
"யாருமே என்றால் யார்?" என்றாள்.

கட்டுரையில் அது ஒரு வரியாயிற்று:
தொழில்நுட்பக் காரணங்களால் எட்டு விலங்குகள் விலக்கப்பட்டன.
அதே மாதம் நஷ்டஈட்டு அலுவலகத்தின் கடிதம்:
விரிசலுக்குக் காரணம் வீட்டின் வயது.
அதிர்வு என்பதற்கு ஆதாரம் போதாது.

எட்டுப் புள்ளிகள், எட்டும் உச்சியில் நிற்கும் அந்தத் தாளைப்
பிரதி எடுத்தாள்.
மேல்முறையீட்டுக் கோப்பில்
கொத்தனாரின் மதிப்பீட்டுக்கும்
கணவனின் தூக்க மாத்திரைச் சீட்டுக்கும் நடுவே செருகினாள்.
விவரம் கேட்ட கட்டத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
சாட்சிகள், என்று எழுதினாள்.

இரவு. கால்வாய்ப் பாலத்தில் ஒரு லாரி.
வுப்போ கண் திறக்காமலே
அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறான்.
லாரிதான், என்கிறாள்.
தெரியும், என்கிறான்.
கடிகாரத்தைப் பார்க்கிறாள்.
ஒரு நிமிடம்.
இரண்டு.
பிடி இன்னும் தளரவில்லை.