புள்ளி பூஜ்யம் ஏழு

ரேவா ராய்க்வார்,
உன்னை இடார்சி ஜங்ஷனில்
கருப்புக் கோட்டில் பார்த்ததாகச் சொன்னபோது
நான் நம்பவில்லை.
எனக்குத் தெரிந்த உன் கோட்டு வேறு.
கேன்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்தது,
பட்டையை இறுக்கினால்
மூச்சு பாதிதான் உள்ளே போகும்.
அதை மாட்டிக்கொண்டு வாத்து நடை நடந்து
ஐம்பத்து நான்காம் லேனுக்குப் போவாய்.
நான் ஐம்பத்து மூன்று.
வலக்கைக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நிற்போம்,
ஆகவே போபாலில் எட்டு வருஷம்
நான் பார்த்தது உன் முதுகு.

பத்து மீட்டர் தூரத்தில்
கசகசாவில் பாதி அளவுக்கு ஒரு புள்ளி.
ஆடாமல் நிற்பது எப்படி என்று
புதிதாக வந்த பையன் கேட்டான்.
"ஆடும்" என்றாய். அவ்வளவுதான்.
உன் அப்பா நர்மதையில் மணல் படகு ஓட்டுகிறவர்
என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

ஜகார்த்தாவில் நான்காவதாக வந்தாய்.
பதக்கம் இல்லை, கோட்டா உண்டு.
சேட்டானி காட் படித்துறையில் வெடி வெடித்தார்கள்.
மூங்கிலில் கட்டிய பேனரில்
உன் பெயரில் ஒரு எழுத்துப் பிழை,
நாலு மாதம் வெயிலில் அப்படியே கிடந்தது.

கோட்டா நாட்டுக்கு, ஆளுக்கல்ல.
விதி நம் எல்லோருக்கும் மனப்பாடம்.
நான்கு தேர்வு, அதில் சிறந்த மூன்றின் சராசரி.
கடைசித் தேர்வு மே மாதம்,
முப்பதாவது நிமிஷத்தில் ஏசி நின்றுபோனது,
யாருமே அதைச் சொல்லிப் புகார் செய்யவில்லை.
நான் 630.53.
நீ 630.46.
கை கொடுத்தாய்.
உன் உள்ளங்கையில் ஈரமே இல்லை.
இன்றைக்கும் எனக்கு உறுத்துவது அதுதான்.

மறுநாள் காலை என் அறை வாசலில்
இரண்டு டப்பா பெல்லட்.
மூடியில் உன் கோணல் இந்தியில்
லாட் நம்பர், கீழே ஒரு வரி:
"உன் பேரலுக்கும் இது ஒத்துப்போகும்.
சுட்டுப் பார்த்துவிட்டேன்."
எப்போது பார்த்தாய்?
என் ரைஃபிளை எப்போது எடுத்தாய்?
கேட்கவில்லை. பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அங்கே அறுபது முறை சுட்டேன்,
அறுபதும் உன் ஈயம்.
முப்பத்தெட்டாவதை ஏந்தி நிற்கையில்
ஒரு நினைப்பு குறுக்கே வந்தது:
இது யார் கணக்கில் விழும்?
அதற்குள் விரல் அழுத்திவிட்டது.
9.3.
மொத்தம் 627.4. இருபத்தோராவது இடம்.
அவள் போயிருந்தால் என்று
ஊருக்கு ஒருவர் எழுதினார்கள்.
நானே எழுதியிருப்பேன்,
எனக்கு எழுத வராது.

நேற்று நாக்பூரிலிருந்து திரும்புகிறேன்.
ஆர்.ஏ.சி. டிக்கெட்,
ஓரத்து சீட்டில் பாதி.
முழங்கால்களுக்கு நடுவே நீளப் பெட்டி.
மறுபாதியில் இருந்தவர்
உள்ளே சிதாரா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
கொஞ்சம் வாசிக்கச் சொல்வாரோ என்று பயந்துகொண்டிருக்கையில்
கருப்புக் கோட்டு வந்து நின்றது.

டிக்கெட்டைப் பார்த்தாய்.
பெட்டியைப் பார்த்தாய்.
"எந்தக் கோட்டா?" என்றாய்.

நீதான் முதலில் சிரித்தாய்.
எனக்குச் சிரிப்பதற்கு முன்னால்
வேறு ஏதோ வந்து தொண்டையில் நின்றது.
சிதார்க்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
இன்னும் சுடுகிறாயா என்று நான் கேட்கவில்லை,
சங்கத்துப் பட்டியலில் பார்த்திருந்தேன்,
ரயில்வே அணி, முப்பத்தேழாம் இடம்.
நீயும் கேட்கவில்லை.
பி-3இல் ஒரு பெர்த் காலி, போய்ப் படு என்றாய்.

வண்டி புத்னியின் வளைவுகளில் ஏறியது.
ஆட்கள் கம்பியைப் பிடித்தார்கள்,
ஒருத்தர் டீ சட்டையில் கொட்டியது.
நீ எதையும் பிடிக்காமல்
அடுத்த சீட்டுக்கும் அதற்கடுத்த சீட்டுக்கும்
எழுதிக்கொண்டே போனாய்.
நான் எழுந்திருக்காமல்
உன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.